உப்புக்கொத்தியின் விலாசம்

கடலூரில் நான் இருக்கும் செம்மண்டலத்துக்குக் கொஞ்சம் தள்ளி குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர். எந்தக் காலத்திலோ அங்கே யாரோ ஒரு குண்டு மனிதர் பிரபலமாக வாழ்ந்திருக்கவேண்டும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி, தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கியது. கோட்டை சரி, சுற்றி எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும். அதுதான் ஒப்பந்தம். நாலாபக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமமெல்லாம் கம்பெனிக்கு.

பத்திரப்பதிவே துப்பாக்கியால்தான் என்கிறபோது, பெயர் சூட்டுவது மட்டும் வேறு எப்படி நடக்கும்?

பறவைகளைச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பறவை இருக்கிறது என்று உலகம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், முதலில் அதைச் சுடவேண்டும். தோலை உரித்து, பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டி மியூசியத்துக்கு அனுப்பவேண்டும். கூடவே முட்டைகள். இந்தியாவில் இதில் சக்கரவர்த்தி யார் தெரியுமா? நாம் பள்ளிக்கூடத்தில் காங்கிரஸைத் தோற்றுவித்தவர் என்று படித்தோமே, அதே ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம்தான். இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி 1873-லேயே புத்தகம் போட்டவர். இருபத்தைந்து வருட உழைப்பில் ஒரு பிரம்மாண்டமான பறவை நூலுக்குக் குறிப்புகள் சேர்த்து வைத்திருந்தார். ஊருக்குப் போய்விட்டு சிம்லாவுக்குத் திரும்பி வந்து பார்த்தால் காகிதக் கட்டுகளைக் காணோம். வேலைக்காரர் ஒருவர் கடைத்தெருவில் பழைய பேப்பர் விலைக்குப் போட்டுவிட்டிருந்தார்.

ஹ்யூம் நொந்துபோனார். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தோல்களையும் முட்டைகளையும் லண்டன் மியூசியத்துக்கு அப்படியே தூக்கிக் கொடுத்தார். அது 1885. காங்கிரஸ் பிறந்ததும் அதே வருடம்தான். அந்த பேப்பர் கட்டு பத்திரமாக இருந்திருந்தால் நம் சரித்திரம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சும்மா, யோசிக்க மட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

உப்புக்கொத்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தோம் என்பதே தெரியாமல் பார்த்திருப்பீர்கள். கடற்கரை மணலில், உப்பளத்து ஓரத்தில், யாரோ சாவி கொடுத்துவிட்ட பொம்மை மாதிரி விறுவிறுவென்று ஓடும். சட்டென்று நிற்கும். மறுபடி ஓடும். ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவுதான். முதுகு மணல் நிறம், வயிறு வெள்ளை. நின்றுவிட்டால் மணலோடு மணல்.

இதில் ஒரு வகைக்கு கெண்டிஷ் உப்புக்கொத்தி என்று பெயர். இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் சுட்டு எடுத்ததை வைத்து வந்த பெயர். (இன்று கெண்ட் கரையில் அது கூடு கட்டுவதில்லை. கட்டடங்கள் ஒரு பக்கம், முட்டை சேகரிப்பவர்கள் ஒரு பக்கம் என்று நெருக்கி, போன நூற்றாண்டின் முன்பாதியிலேயே கதையை முடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் மிச்சம்.) குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நம் கரைகளுக்கும் வரும். ஆனால் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும், வராமல், போகாமல், இங்கேயே கூடு கட்டி இங்கேயே குஞ்சு பொரிக்கிற ஒரு சின்ன உப்புக்கொத்தியும் இருந்தது. அது என்ன வகை?

1915-ல் இரண்டு பேர் அதற்குத் தனிப்பெயர் கொடுத்தார்கள். ஒருவர் எர்ன்ஸ்ட் ஹார்ட்டெர்ட். வங்கிக் குடும்பத்து ரோத்ஸ்சைல்ட் நடத்திய மியூசியத்தின் பொறுப்பாளர். இன்னொருவர் ஆனி ஜாக்சன் என்கிற ஸ்காட்லாந்துப் பெண். இருபதுகளில் இருந்தவர். கரையோரப் பறவைகள் எப்போது இறகு உதிர்த்து எப்போது மாற்றுகின்றன என்பதைத் தோல் தோலாகப் புரட்டிப் படித்தவர். ‘ஐபிஸ்’ என்ற பறவையியல் இதழில் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் நம் ஊர்ப் பறவைக்கு ‘சீபோமி’ என்று பெயர் வைத்தார்கள். ஹென்றி சீபோம் என்பவரின் நினைவாக. அவர் ஷெஃபீல்டில் எஃகு வியாபாரம் பண்ணிக்கொண்டே உலகத்து உப்புக்கொத்திகளைப் பற்றியெல்லாம் தடித் தடியாகப் புத்தகம் எழுதியவர். ஒரே ஆளுக்கு இரண்டும் எப்படி முடிந்தது என்பது, பி.காம். படித்துவிட்டு ஒன்றைக்கூட ஒழுங்காகச் செய்யாத எனக்கு நிரந்தர ஆச்சரியம்.

பெயர் கிடைத்ததே தவிர, மரியாதை கிடைக்கவில்லை. கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளை, அவ்வளவுதான் என்று புத்தகங்கள் அடிக்குறிப்பில் தள்ளிவிட்டன.

ஆனி, ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்கிற ராணுவ அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டார். அவரும் பறவைக்காரர்தான். 1928-ல் ஒருநாள் வீட்டுத் தோட்டத்தில் கணவனும் மனைவியும் ரிவால்வர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது குண்டு பாய்ந்து ஆனி இறந்துபோனார். வயது 39. விபத்து என்று கோப்பு மூடப்பட்டது. கணவர் பல்லாண்டு வாழ்ந்து, புகழோடு செத்து, அப்புறம் 1990-களில்தான் வெளியே வந்தது, மியூசியத்திலிருந்து பறவைத் தோல்களைத் திருடி, வேறு ஊர்ச் சீட்டைக் கட்டித் தன்னுடையது என்று கொடுத்த ஆசாமி அவர் என்பது. அதற்கப்புறம் அந்த ‘விபத்து’ பற்றியும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். கேள்வி கேள்வியாகவே நிற்கிறது.

இதற்கிடையில் துப்பாக்கிக்குப் பதிலாக வேறொன்று வந்திருந்தது. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் என்று இரண்டு சகோதரர்கள். 1895-ல் கூடுகளைப் பற்றி முழுக்க முழுக்க புகைப்படங்களோடு ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். பறவை பயப்படக்கூடாது என்பதற்காக, மாட்டுத்தோலுக்குள் கேமராவோடு ஒளிந்துகொண்டு படமெடுத்தார்கள். நிஜ மாடு மாதிரியே தைத்தது. உள்ளே புழுக்கம் தாங்காமல் ஒருவர் மயங்கிவிழ, மாடு நாலு காலையும் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு கிடந்ததாம்.

தமிழ்நாட்டில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களில் முக்கியமானவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். இங்கும் அங்கும் கிடைத்த பாகங்களைப் பொருத்தித் தானே ஒப்பேற்றிய கேமராவால், கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்தவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 தொடங்கி 1996-ல் இறக்கும்வரை, 46 வருடம் காட்டைப் பற்றிப் பத்தி எழுதியிருக்கிறார். இந்தப் பத்தியை நான் எத்தனை வாரம் தாக்குப்பிடிப்பேன் என்று என் ஆசிரியருக்கே சந்தேகம்.

சரி, நம் சின்னப் பறவை என்ன ஆயிற்று? 2023-ல் தீர்ப்பு வந்தது. கொழும்புப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தாரோடும் இன்னும் சிலரோடும் சேர்ந்து அளந்து பார்த்தார்கள். சிறகு குட்டை. அலகு குட்டை. கால் கறுப்பில்லை, கரும்சாம்பல். மரபணுவையும் பார்த்தார்கள். கெண்டிஷிலிருந்து இது பிரிந்து சுமார் பன்னிரண்டு லட்சம் வருடம் ஆகியிருந்தது. தனி இனம்தான்! ஆனி சூட்டிய பெயர் அப்படியே மீண்டது. கட்டுரை வந்ததும் அதே ‘ஐபிஸ்’ இதழில்தான், 108 வருடம் கழித்து. ஊர்ப்பெயராக அனுமன் உப்புக்கொத்தி என்று வைத்தார்கள். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ராமர் பாலத்தின் இரு முனையிலும் வாழ்கிற பறவைக்கு வேறென்ன பெயர் வைப்பது?

செய்தியைப் படித்த அடுத்த வருடம் மே மாதம், நண்பரிடம் 400 எம்.எம். லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு தனுஷ்கோடி கிளம்பிவிட்டேன்.

வெள்ளை மணலில் படமெடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கேமராவுக்குள் இருக்கிற மீட்டர் ஒரு அசட்டுக் கணக்குப்பிள்ளை. உலகமே சராசரியாகச் சாம்பல் நிறம் என்பது அதன் தீர்மானம். தகதகவென்று மணலைப் பார்த்ததும் ‘வெளிச்சம் ஜாஸ்தி’ என்று குறைத்துவிடும். மணல் அழுக்காகும், பறவை கருப்பாகும். நாம்தான் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைக்கவேண்டும். ஒன்பது மணிக்கு மேல் மணலிலிருந்து கானல் எழும்பி எல்லாம் நெளியும். மணலோடு மணலாகக் குப்புறப் படுத்தால்தான் பறவையின் கண்மட்டம் கிடைக்கும்.

படுத்தேன். கிடைத்தது. ஒரு தாய், பக்கத்தில் பஞ்சுருண்டைகளாக மூன்று குஞ்சுகள். பொரித்த சில மணி நேரத்திலேயே ஓடித் தானே இரை தேடும் ஜாதி. பெற்றோர் ஊட்டுவதில்லை. அவற்றின் வேலை காவல். அதைவிட முக்கியம், நிழல். அந்த வெயிலில் முட்டையையும் குஞ்சையும் காப்பாற்றுவது தாய் தகப்பனின் வயிறு மட்டும்தான். தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து மூடுவதும் உண்டு.

என்னைப் பார்த்ததும் தாய் ஒரு சிறகைத் தரையில் போட்டு, ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நொண்டியது. பகைவனைத் திசைதிருப்பும் நாடகம். புத்தகத்தில் படித்திருந்தேன். பகைவன் நான்தான் என்பது மட்டும் உறைக்கவில்லை. அடடா, என்ன ஒரு காட்சி என்று அதையும் எடுத்தேன். குஞ்சுகள் ஆளுக்கொரு பக்கம் மணலில் பதுங்கி அசையாமல் கிடந்தன. அதையும் எடுத்தேன். தாய் நெருங்கும், என்னைப் பார்க்கும், திரும்பி ஓடும்.

வலைக்கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா நின்றார்.

“தம்பி, எந்திரிச்சு வாப்பா. தாய் தவிக்குது பாரு.”

“ரெண்டே நிமிஷம்மா.”

அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மணலில் என் கால்தடம் குஞ்சுகள் வரைக்கும் கோடு போட்டமாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோட்டின் மேலேயே ஒரு காகம் நடந்து வந்தது. கையை ஆட்டினேன், கத்தினேன். எழுந்திருப்பதற்குள் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். வெளிச்சமெல்லாம் கச்சிதமாக வந்திருந்தது. முதல் படத்தில் நேரம் 7.52, குஞ்சுகள் மூன்று. கடைசிப் படத்தில் 8.30. இரண்டு.