மூன்று பூட்டுப் பெட்டி

உகாண்டாவின் ஏதோ ஒரு சந்தையூரில், வெல்டிங் பட்டறைக்காரர் இரும்புத் தகட்டை வளைத்து ஒரு சிறு பெட்டி செய்கிறார். மூடியில் பூட்டு மாட்ட மூன்று இடங்கள்.

இந்தப் பெட்டியில் பணம் போட்டுவைக்கும் கிராமச் சேமிப்புக் குழு முறையின் பூர்வீகம் நைஜர் நாட்டின் மராடி. கடலை விளையும் வறண்ட பூமி. 1991இல் அங்கே ‘கேர்’ தொண்டு நிறுவனம் ‘மாத்தா மாசு துபாரா’ என்ற பெயரில் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்தது. வெளியார் பணம் ஒரு காசும் வராது. ஆளுக்குச் சமமாக வாரவாரம் போடுவது, அதிலிருந்தே கடன் எடுப்பது. எழுதத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் கணக்கு நினைவிலேயே நின்றது. இந்த ஏற்பாடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் தெற்கேயும் பரவியபோது பங்குமுறையும் பாஸ்புக்கும் சேர்ந்துகொண்டன.

கிராமத்துக்கு வந்த பெட்டி ஒருவர் வீட்டில் இருக்கும். சாவிகள் வேறு மூவரிடம். கூட்ட நாளில் 15 முதல் 25 பேர் சுற்றி உட்கார்ந்த பிறகே திறக்கும். ஒருவர் ஒரு பங்கு முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம். பங்குக்கு ஒரு முத்திரை பாஸ்புக்கில் விழும். தாமதமாக வந்தால் அபராதம். நோய், சாவு போன்ற அவசரங்களுக்குத் தனி நிதி. விதைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் சந்தைச் சரக்குக்கும் கடன் போகும். மாதம் 10 சதவீதம் வட்டி வாங்கும் குழுக்களும் உண்டு. கடுமைதான், ஆனால் அந்த வட்டி வட்டிக்கடைக்காரர் மடிக்குப் போகாமல் இதே பெட்டிக்குத் திரும்புகிறது. மூடுமுன் மீதித் தொகையை உரக்கச் சொல்வார்கள். அடுத்த கூட்டத்தில் அதை எல்லாரும் நினைவிலிருந்து சொன்ன பிறகே பணம் எண்ணப்படும்.

ஏறக்குறைய ஓராண்டில் பெட்டியைக் காலிசெய்துவிடுகிறார்கள். கடன்களை வசூலித்து, லாபத்தோடு பங்குப்படி பிரிப்பார்கள். பெரும்பாலும் விதைப்புக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ உதவும் நேரமாகப் பார்த்து. சேர்ந்த மூலதனத்தை ஏன் கலைக்க வேண்டும்? அதுதான் அவர்களுடைய தணிக்கை. பணம் குறைந்தால் அன்றே தெரிந்துவிடும். விலக நினைப்பவர் தன் பங்கோடு விலகலாம்; மற்றவர்கள் புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து மறுபடி தொடங்குவார்கள். கணக்குக் கேட்கவும் வாக்களிக்கவும் இங்கே பழகியவர்களில் சிலர், நைஜரில் உள்ளாட்சி மன்றங்கள் வரை போனார்கள்.

பெட்டியால் ஆகாததும் உண்டு. வாரத்துக்கு ஒரு பங்குகூட வாங்க முடியாத பரம ஏழைகள் வெளியிலேயே நிற்கிறார்கள். பங்கு பிரிக்கும் நாள் நெருங்கப் பெட்டி கனக்கும், திருட்டுப் பயமும் கூடும். அதனால் சில குழுக்கள் பணத்தைக் கைப்பேசிக் கணக்குக்கு மாற்றிவிட்டன. அங்கேயும் மூன்று பேர் தத்தம் ரகசிய எண்ணை அழுத்தினால்தான் பணம் நகரும்.