மூடிய நீர்த்தேக்கம்

சுத்திகரித்த குடிநீரை ஊருக்குள் விடுமுன் கூரையின்கீழ் சேமித்து வைக்கும் கட்டுமானம். வடிகட்டிகள் இரவும் பகலும் ஒரே சீராகத் தண்ணீர் தருகின்றன. ஊரோ விடிந்ததும் எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறக்கிறது. அந்த ஏற்றத்தாழ்வை ஈடுகட்டுவது இதன் முதல் வேலை. தூய்மையைக் காப்பது இரண்டாவது; வரலாற்றில் கூரையைக் கட்டாயமாக்கியது இதுதான்.

பழங்காலத்தவற்றில் பெரும்புகழ் பெற்றது கான்ஸ்டான்டிநோபிளில், இன்றைய இஸ்தான்புல்லில், ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டீனியன் கட்டிய நிலத்தடித் தேக்கம். வரிசைக்கு 28 வீதம் 12 வரிசைகளில் 336 தூண்கள், ஒவ்வொன்றும் சுமார் 9 மீட்டர் உயரம். தூண்கள் பலவும் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்துவந்தவை. அகன்ற கூரையைத் தாங்க நெருக்கமான தூண்களும் அவற்றின்மேல் செங்கல் வளைவுகளும் என்ற அதே முறைதான் 1,300 ஆண்டுகளுக்குப் பிறகும் கையாளப்பட்டது.

லண்டனை 1848–49இல் காலரா சூறையாடியது. 1852இல் வந்த தண்ணீர்ச் சட்டம், வீடுகளுக்குத் தரும் நீரை வடிகட்ட வேண்டும், செயின்ட் பால் பேராலயத்திலிருந்து 5 மைலுக்குள் உள்ள தேக்கங்களை மூட வேண்டும் என்று விதித்தது. மிகச் சரியான முடிவு: வெயில் பட்டால் பாசி படரும், புகைக்கரியும் பறவை எச்சமும் விழும், வடிகட்டிய பாடு வீணாகும்.

பாரிஸில் பொறியாளர் பெல்கிராண்ட் அமைத்த மோன்சூரி தேக்கம் 1874இல் பயனுக்கு வந்தது. வான் ஆற்றுப் பகுதி ஊற்றுநீரைச் சேமிக்கும் இந்த ஈரடுக்குத் தேக்கத்தைச் சுமார் 1,800 தூண்கள் தாங்குகின்றன. கூரைமேல் மண்ணும் புல்லும் இருப்பதால் கோடையிலும் தண்ணீர் குளிர்ச்சி மாறுவதில்லை. நீரில் நஞ்சு கலந்தால் உடனே தெரியவேண்டும் என்று இங்கே டிரவுட் மீன்களையும் வளர்த்தார்கள்.

வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை பல. ஒரு பாதியைக் கழுவும்போது மறுபாதி ஊருக்குத் தண்ணீர் தர, நடுவே சுவர் வேண்டும். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது காற்று போய்வர, வலையிட்ட துளைகள் வேண்டும். நிலத்தடி நீர் உயர்ந்த இடத்தில் காலித்தொட்டி மேலே தூக்கப்படும் அபாயமும் உண்டு. வடிகால் அமைத்தோ எடை கூட்டியோ அதைத் தடுக்கிறார்கள்.

சென்னையில் 1872 முதல் செங்குன்றம் ஏரிநீர் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்து, வடிகட்டப்படாமலே குழாய்களில் ஓடியது. 1914இல் பொறியாளர் மேட்லியின் திட்டப்படி மூடிய செங்கல் கால்வாயும் மணல் வடிகட்டிகளும் வந்தன. வடிகட்டிய நீருக்காகக் கீழ்ப்பாக்கத்தில் நிலத்தடித் தொட்டியும் கட்டப்பட்டது.