எலியும் நாடாவும் ஏடும்

இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிந்துவிடும் உபாதையைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூசிய ஸ்திரீகளுக்காக, 1949-இல் அமெரிக்காவில் மார்ஷல், மார்ச்செட்டி, கிரான்ட்ஸ் என்ற மூவரும், 1961-இல் பர்ச் என்பவரும் வகுத்த சிகிச்சைகள் நல்ல பலனைத் தந்தனவாயினும், அவற்றை அடிவயிற்றைக் கீறியே செய்யவேண்டியிருந்தது.

ஸ்வீடன் தேசத்து உப்சாலா நகரில் உல்ஃப் உல்ம்ஸ்டன் 1996-இல் வெளியிட்ட முறையோ வேறு வகைப்பட்டது. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுந்த அகலமுள்ள பாலிப்ரொப்பிலீன் வலைநாடாவைச் சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் தொட்டில்போல இட்டு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தபடியால் விழித்தே இருக்கும் நோயாளியை இருமச் சொல்லி, கசிவு நிற்கும் அளவுக்கு நாடாவைத் தளர்வாகவே சரிசெய்து வைத்தார். நாடா அந்தரங்க உறுப்புகளின் நடுவே ஆயுள் முழுதும் தங்கிவிடுவது. அதனால் புற்று வருமோ என்ற அச்சம் அங்கேதான் பிறந்தது.

அச்சத்துக்குப் பழைய ஆதாரமும் இருந்தது. ரத்த அழுத்தத்தை ஆராய்வதற்காக எலிகளின் சிறுநீரகத்தைச் செலோஃபேன் தாளால் சுற்றிவைத்த ஆப்பன்ஹைமர் குழுவினர், தாள் இருந்த இடத்திலேயே சார்க்கோமா என்னும் புற்று முளைத்ததைக் கண்டு, 1948-இல் அறிவித்தார்கள். பிளாஸ்டிக்கின் ரசாயனத்தைவிட அதன் வழவழப்பான, இடைவெளியற்ற பரப்பே முக்கிய காரணம் என்பதும், துளையிட்டோ நூலாய் நெய்தோ வைத்தால் கட்டிகள் குறைந்தன என்பதும் பின்னர் தெளிவாயின. நாடாவும் நெய்த வலையே. ஆயினும் எலியின் சாட்சியத்தைக் கொண்டு மனுஷிக்கு அபயம் கூறிவிடலாகாது.

மெய்யான விடையை ஸ்வீடனின் ஏடுகளே தந்தன. 1947 முதல் பிரஜைகளுக்கு அடையாள எண்ணும், 1958 முதல் புற்றுநோய்ப் பதிவேடும் கொண்ட அந்நாட்டில், 1997 முதல் 2009 வரை 50 லட்சத்துக்கு மேற்பட்ட ஸ்திரீகளின் பதிவுகளை ஆல்ட்மன் முதலியோர் ஆராய்ந்து, நாடா பெற்ற 20,000-க்கு மேற்பட்டோரிடம் இடுப்பு உறுப்புகளின் புற்று மிகுந்து காணப்படவில்லை என்று 2018-இல் வெளியிட்டார்கள். இங்கிலாந்து அதே ஆண்டு இந்நாடாச் சிகிச்சையை நிறுத்திவைத்ததற்குப் புற்று காரணமன்று. தீராத வலியும், நாடா சதையை அரித்து வெளிப்படுதலுமே காரணம். அந்தத் துன்பத்தைப் புற்றைப் பற்றிய நற்செய்தியால் மூடி மறைப்பது அநியாயம்.

நாற்பத்தைந்து வயதில் நாடா பெற்ற ஒருத்தி இன்னும் நாற்பது ஆண்டுகள் அதைத் தாங்கி வாழக்கூடுமாதலால், 2009-உடன் நின்ற அந்தக் கணக்கைப் பின்வருவோர் தொடர்ந்தே எழுதவேண்டும்.