பெயர் அச்சேறாதோர் கூடிய பேரவை

நாள்தோறும் வைகறையில் நம் இல்லத்து வாயிலில் வந்து விழும் செய்தித்தாளில் ஆசிரியர் பெயர் உண்டு. அச்சிடுவோர், வெளியிடுவோர் பெயர்களும் உண்டு. நள்ளிரவில் கண்விழித்து, வந்த செய்தியைச் சுருக்கி, பிழை களைந்து, தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பிய துணையாசிரியரின் பெயரை மட்டும் காண்பது அரிது. அவர்கட்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் திருப்புமுனை நாம் வாழும் இத்தலைநகரிலேயே நிகழ்ந்தது.

தமிழ் நாளேட்டின் துணையாசிரியர்க்குச் சுமை இரட்டிப்பாகும். ஆங்கிலத்தில் வந்த செய்தியைத் தமிழாக்கிய பின்னரே அவர் திருத்தம் செய்ய வேண்டும். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய 'சுதேசமித்திர'னில், 1904 நவம்பரில் இப்பணியில் அமர்ந்தவர் சுப்பிரமணிய பாரதியார். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது அவர்தம் அன்றாடக் கடமை. புதிய அரசியல் கருத்துகளுக்குத் தமிழில் சொல் தேட வேண்டியிருந்த காலம் அது. எளிய உரைநடைக்கு அவரைப் பழக்கியதில் அந்த மேசைக்கும் பங்குண்டு எனல் மிகையாகாது. 1920இல் அவர் மீண்டும் சேர்ந்ததும் அவ்விதழிலேயே.

ஆயினும் இத்தொழிலுக்கு நாடு தழுவிய பணிவரையறை நெடுங்காலம் இல்லை. வேலை நேரம், ஓய்வு, நீக்க முன்னறிவிப்பு யாவும் உரிமையாளர் மனப்போக்கைப் பொறுத்தே அமைந்தன. எழுதுகோல் பிடிப்பவர் தொழிலாளியா என்பதே வினாவாக இருந்தது.

இந்நிலையில்தான் 1950 அக்டோபர் 28ஆம் நாள் புதுதில்லியில் இதழாளர் ஒன்றுகூடி, இந்திய உழைக்கும் பத்திரிகையாளர் கூட்டமைப்பை நிறுவினர். இலக்னோ 'நேஷனல் ஹெரால்ட்' ஆசிரியர் எம். சலபதி ராவ் அதன் முதல் தலைவரானார். 1952இல் நீதியரசர் ராஜாத்யக்ஷா தலைமையில் அரசு அமைத்த பத்திரிகை ஆணையத்திலும் அவர் இடம்பெற்றார். 1954இல் வந்த அதன் அறிக்கையைத் தொடர்ந்து, 1955இல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் பிறந்தது.

உழைக்கும் பத்திரிகையாளர் யார் என்பதற்கு அச்சட்டம் தந்த விளக்கத்தில் ஆசிரியரோடு துணையாசிரியரும், மெய்ப்புத் திருத்துவோரும் இடம்பெற்றனர். நான்கு வாரங்களுக்கு 144 மணி நேரமே வேலை. வாரந்தோறும் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு. ஆசிரியரை நீக்க ஆறு மாத முன்னறிவிப்பு, ஏனையோர்க்கு மூன்று மாதம் என அது வகுத்தது. உரிமையாளர் வழக்காடினர். 1958இல் உச்ச நீதிமன்றம் ஊதியக் குழுவின் முடிவை நீக்கியது; ஒரு கூறு நீங்கலாகச் சட்டத்தை நிலைநிறுத்தியது. 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்றனுள் அச்சட்டமும் அடக்கப்பட்டது.

மாநாடு என்றால் மாலையும் மேடையும் என்று எண்ணுவோர் உண்டு. ஐந்தே ஆண்டுகளில் சட்டமாகக் கனிய வித்திட்ட மாநாடு இது. அலுவலகத்தில் வரைவெழுதும் என் போன்றோர் இதன் அருமையை நன்குணர்வர்: வரைவு ஒருவருடையது, கையொப்பம் மற்றொருவருடையது. நாளிதழில் ஒரு பிழை கண்டால் நாம் உடனே சினந்து கொள்கிறோம். பிழையின்றி நாம் படித்துச் செல்லும் ஆயிரம் வரிகளுக்குப் பின்னே கண்விழித்தவர் ஒருவர் உளர் என்பதையும் நம் பிள்ளைகட்குச் சொல்லி வைப்போமாக.