அபயக் குரலும் அவசர எண்ணும்

நள்ளிரவில் நம் இல்லத்தில் ஒருவருக்கு மார்வலி காண்கிறது. நாம் வாழ்வதோ அயல் மாநிலம். அண்டை வீட்டார் மொழி நமக்கு அரைகுறை. அவ்வேளையில் கைபேசியே நமக்கு உற்ற துணை. இத்துணை வாய்த்த வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1935 நவம்பர் 10 அன்று லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றியது. அண்டையில் வசித்த ஒருவர் தீயணைப்புப் படையைத் தொலைபேசியில் அழைத்தார். அவ்வழைப்போ இணைப்பகத்தில் பிற அழைப்புகளோடு வரிசையில் காத்துக் கிடந்தது. ஐந்து பெண்கள் மாண்டனர். மனம் கொதித்த அவர் 'டைம்ஸ்' ஏட்டுக்குக் கடிதம் எழுதினார். அரசு விசாரணை தொடங்கிற்று. அதன் பயனாக 1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 என்னும் எண் நடைமுறைக்கு வந்தது. அவ்வெண்ணைச் சுழற்றினால் இணைப்பகத்தில் செவ்விளக்கு எரியும். எச்சரிக்கை ஒலி எழும். பிற அழைப்புகளை விடுத்து அதனையே முதலில் ஏற்பர். அமெரிக்காவில் 911 என்னும் எண்ணுக்கு முதல் அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்து ஹேலிவில் என்னும் சிற்றூரில் விடுக்கப்பட்டது.

நம் நாட்டில் காவலுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 102 எனத் தனித்தனி எண்கள் வழங்கின. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஐதராபாத்தில் 108 சேவை தோன்றியது. 2008 செப்டம்பரில் அது தமிழ்நாட்டுக்கும் வந்தது. நோயாளியை ஏற்றிச் செல்வதோடு நில்லாமல், வழியிலேயே முதலுதவி அளிக்கப் பயிற்சி பெற்றோர் அவ்வண்டியில் உடன் வந்தனர். எல்லா உதவிக்கும் ஒரே எண்ணாகிய 112, 2018 நவம்பரில் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவியது. பூட்டிய கைபேசியிலிருந்தும் இவ்வெண்ணை அழைக்கலாம்.

எனினும் கைபேசி ஒரு புதிய சிக்கலையும் கொணர்ந்தது. பழைய தொலைபேசி வீட்டோடு பிணைந்தது. எண்ணைக் கொண்டே முகவரியை அறியலாம். கைபேசியோ நம்முடன் ஊர் சுற்றுவது. அலைக்கோபுரம் நாம் இருக்கும் வட்டாரத்தை மட்டுமே காட்டும். செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி இன்னும் நெருங்கிக் காட்டும். ஆயினும் எந்த மாடி, எந்த வாயில் என்பதை நாமே கூறல் வேண்டும்.

அழைப்பை ஏற்பவர் பெரும்பாலும் அம்மாநில மொழியிலோ, இந்தியிலோ, ஆங்கிலத்திலோ பேசுவார். ஆகவே நம் தெருவின் பெயரையும், அருகிலுள்ள கோயிலையோ பள்ளியையோ அவ்வூர் வழக்கில் சொல்லப் பழகுவோம். அதனைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோருக்கும், பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் இன்றே கற்பிப்போம்.