குற்றாலத்துத் தண்ணீர் எங்கே போகிறது?

ஜூன் மாதம் நம் கரியமாணிக்கத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது குற்றாலத்தில் சாரல் அடிக்கும். நமக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவக்காற்று. குற்றாலத்துக்குத் தென்மேற்குப் பருவக்காற்று. கேரளத்தில் கொட்டும் மழையின் மிச்சம் செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கிறது. பிள்ளைகளுக்கு லீவு என்று மே மாதமே வேன் பிடித்துப் போகிறவர்கள் பல சமயம் காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது இதனால்தான்.

திரிகூடமலைக் காட்டிலிருந்து வரும் சிற்றாறுதான் பேரருவியாக விழுகிறது. நேராகக் கீழே விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பாறைக்குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிகிறது. அந்தக் குழி இல்லாவிட்டால் நாம் அருவியில் தலையைக் கொடுத்து நிற்க முடியாது.

அருவியை ஒட்டியே குற்றாலநாதர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபையும் இவ்வூரில்தான். பெருமாளாக இருந்த மூர்த்தியை அகத்தியர் சிவலிங்கமாக்கினார் என்பது தலபுராணம். பெருமாள் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட நமக்கு இது கொஞ்சம் சங்கடமான கதைதான்!

குற்றாலத்தைத் தமிழ்நாடெங்கும் அறியச் செய்தவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய குறவஞ்சிக்காக மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார். அந்த இடத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். பின்னாளில் கம்பெனிக்காரர்கள் கிராம்பு, சாதிக்காய் பயிரிட்டுப் பார்த்தார்கள். ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் இங்கேயே குடியிருந்து, 1954-இல் மறைந்தார்.

குளித்தவுடன் நாம் தலையைத் துவட்டிக்கொண்டு பரோட்டா கடைக்குப் போய்விடுகிறோம். தண்ணீர் அங்கே நிற்பதில்லை. சிற்றாறு வழிநெடுக அணைக்கட்டுகளில் பிரிந்து, குளங்களை நிரப்பி, வயல்களுக்குப் பாய்ந்து, மிச்சம் சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்கிறது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் பாகூர் ஏரி நிரம்பும் என்று அறிந்த நம் பகுதி விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலையில் சில விடுதிகள் ஓடையைத் திருப்பித் தங்களுக்கென்று தனி அருவி அமைத்துக்கொண்டபோது, அது கீழே உள்ள குளத்துக்குப் போக வேண்டிய தண்ணீர். 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவற்றின் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. அதற்கு முன் 2014-இல் அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் பயன்படுத்தவும் அதே நீதிமன்றம் தடை விதித்தது. இந்த ஆண்டு போகிறவர்கள் துண்டு மட்டும் எடுத்துச் சென்றால் போதும்.