செம்புக் கொதிகலனின் இரண்டாம் பிறவி

இங்கிலாந்தின் வீட்டுப் பட்டறைகளில் எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட மாதிரி நீராவி எஞ்சின்கள் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. செய்தவர் பெயர் பெரும்பாலும் தெரியாது. வாங்கியவர் அதை ஆணி ஆணியாகப் பிரித்து, துருவை நீக்கி, தேய்ந்ததை மாற்றி, கரி போட்டுத் தண்டவாளத்தில் ஓட்டுகிறார். இது பொறுமைக்கும் கைத்திறனுக்கும் கிடைத்த வெற்றி என்று சொல்வது வழக்கம். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் அதே பொறுமையை 1900 வாக்கில் ஜெர்மனியில் செய்த ஒரு தகர எஞ்சினின் மேல் செலவழித்தால் அதே பலன் கிடைப்பதில்லை. பழைய மாதிரி எஞ்சின் மீண்டும் உயிர்பெறுமா என்பதைப் பெரும்பாலும் அதன் பிறப்பே முடிவு செய்கிறது. அது தொழிற்சாலைச் சுவருக்குள் முடங்கிய அறிவால் பிறந்ததா, இதழில் அச்சாகி எல்லோர் கைக்கும் போன வரைபடத்தால் பிறந்ததா என்பதே கேள்வி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பித்தளைப் பொம்மை எஞ்சின்களை ஆங்கிலேயர் ‘பிர்மிங்காம் டிரிப்ளர்’ என்று அழைத்தார்கள். போகிற வழியெல்லாம் தரையில் நீர் ஒழுக்கிக்கொண்டு போனதால் வந்த பெயர் அது. ஒரு பித்தளை உருளையே கொதிகலன், அதன் அடியில் ஒரு ஸ்பிரிட் விளக்கு. சிலிண்டரே முன்னும் பின்னும் ஆடி நீராவித் துளையைத் திறந்து மூடும். நியூரம்பர்க்கின் பிங், காரெட் நிறுவனங்களும் கோப்பிங்கனின் மெர்க்லினும் இந்த வகையை மிக அழகாக வளர்த்தன. அழகில் குறையில்லை, பலவீனம் இணைப்பில் இருந்தது. பல கொதிகலன்களின் மூட்டுகள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசால் ஒட்டப்பட்டவை. அந்தப் பற்றாசு சுமார் 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். தண்ணீர் வற்றியது தெரியாமல் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் மூட்டு கழன்றுவிடும். அச்சும் அளவும் தொழிற்சாலையோடு போய்விட்டதால், மாற்று உறுப்பு செய்ய நினைப்பவர் உடைந்த துண்டையே அளந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இந்த நிலையை மாற்றிய கதை 1898-இல் பெர்சிவல் மார்ஷல் லண்டனில் தொடங்கிய ‘மாடல் எஞ்சினியர்’ இதழில் நடந்தது. சிறிய எஞ்சினில் அசல் ரயில் எஞ்சினைப் போலவே கரி எரித்து வேலை வாங்க முடியாது என்பது அன்றைய பொதுக் கருத்து. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. நீளத்தைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால் மேற்பரப்பு 256-இல் ஒரு பங்காகும். கொள்ளளவோ 4096-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். உள்ளே இருக்கும் நீரின் அளவோடு ஒப்பிட்டால் வெப்பம் வெளியேறும் பரப்பு பதினாறு மடங்கு. ஆகவே ஸ்பிரிட் விளக்கும் அதற்கென்றே அமைத்த நீர்க்குழாய்க் கொதிகலனும்தான் சரி என்று நார்த்தாம்ப்டனின் பாசெட்-லோக் நிறுவனமும் அதன் வடிவமைப்பாளர் ஹென்றி கிரீன்லியும் சார்ந்த தரப்பு நம்பியது. இதை எதிர்த்தவர் ‘எல்.பி.எஸ்.சி.’ என்ற புனைபெயரில் எழுதிய கர்லி லாரன்ஸ். தாம் வேலை பார்த்த லண்டன் பிரைட்டன் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் முதலெழுத்துகளையே பெயராக்கிக்கொண்டவர் அவர். இரண்டரை அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடிய அவருடைய ‘ஆயிஷா’ கரி எரித்து மனிதர்களை இழுத்துக் காட்டியது. ‘கொதிகலன் போர்’ என்று பெயர்பெற்ற இந்த வாதம் 1924-இல் இதழின் கண்காட்சித் தண்டவாளத்தில் நேரடி ஓட்டமாக முடிந்தது.

போரில் வென்றவர் யார் என்பதைவிட அதன்பிறகு லாரன்ஸ் செய்தது முக்கியம் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகள் அவர் இதழில் தொடர்ந்து எழுதி, ஒவ்வொரு எஞ்சினையும் ஒவ்வோர் உறுப்பாகச் செய்யும் முறையை வரைபடத்தோடு விளக்கினார். புதிதாகத் தொடங்குபவருக்கென்றே மூன்றரை அங்குல அகலத்தில் ‘டிச்’ என்ற குட்டி எஞ்சினை வடிவமைத்தார். சாதாரண லேத்தும் அரமும் உள்ள ஒரு குமாஸ்தா மாலை நேரங்களில் அதைச் செய்து முடிக்கலாம். அந்த வரைபடங்களுக்கேற்ற வார்ப்புகளைப் பிர்மிங்காமின் ரீவ்ஸ் போன்ற கடைகள் விற்றன. சிறு குழாய் இணைப்புகளுக்கு அங்குலத்துக்கு 32, 40 புரிகள் கொண்ட பொது மரை அளவுகள் நிலைபெற்றன. இன்று ஒரு பழைய ‘டிச்’ கையில் கிடைத்தால் அதன் பம்பு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. வரைபடத்தை விரித்தால் போதும், மரையும் பொருந்தும்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. கொதிகலனை மாற்றி, சிலிண்டரைக் கடைந்து, புது வண்ணம் பூசிய பின் பழைய எஞ்சினில் மிஞ்சுவது என்ன? பெரிய எஞ்சின்களின் வரலாறே இதற்குப் பதில் சொல்கிறது. கொதிகலன் எந்தக் காலத்திலும் எஞ்சினோடு பிரியாமல் இருந்ததில்லை. பணிமனைக்கு வந்த எஞ்சினுக்குத் தயாராக இருந்த வேறொரு கொதிகலனை ஏற்றி அனுப்புவது பிரிட்டிஷ் ரயில்வேக்களின் வழக்கமான வேலைமுறை. 1923-இல் டான்காஸ்டரில் பிறந்த ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’ 1947-இல் வேறு வகைக் கொதிகலனோடு வேறு வகுப்புக்கே மாறியது. நீண்ட சீரமைப்புக்குப் பின் 2016-இல் மறுபடி ஓடியபோதும் அது அதே எஞ்சினாகவே வரவேற்கப்பட்டது. லீட்ஸில் 1855-இல் செய்த ‘எக்ஸ்பிரஸ்’ எஞ்சினைப் பெரம்பூர் பணிமனை 2010-இல் மீண்டும் ஓட வைத்ததும் இந்த மரபில் வந்ததுதான்.

ஆனால் மறுப்பின் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். வரைபடம் எல்லோருக்கும் பொது. அரம் பிடித்த கை ஒருவருடையது. பெயர் தெரியாத அந்த மனிதர் வளைத்த கைப்பிடி, சற்றே கோணலாக அடித்த தறையாணி, கையால் எழுதிய எண் ஆகியவை நீராவிக்குத் தடையில்லை என்றால் அவற்றைத் தொட நியாயமில்லை. பளபளப்புக்காக இவற்றை அழிக்கும் சீரமைப்பு ஒரு மனிதரின் கையெழுத்தை அழிக்கிறது. தகரப் பொம்மைக்கு இது இன்னும் பொருந்தும். அதன் மதிப்பு முழுவதும் அசல் வண்ணத்திலும் அசல் மூட்டிலும் இருப்பதால், தீ மூட்டாமல் அப்படியே காப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

கொதிகலனில் மட்டும் இந்தப் பரிவு கூடாது. பழைய பித்தளை உறுப்புகளிலிருந்து வெந்நீர் மெல்ல மெல்லத் துத்தநாகத்தைக் கரைத்துவிடும். வெளியே முழுதாகத் தெரியும் பித்தளை உள்ளே பஞ்சுபோல் ஆகியிருக்கும். சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் நீர் கொதிப்பது ஏறத்தாழ 162 டிகிரியில். ஈயப் பற்றாசு இளகும் வெப்பத்துக்கு அது எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். 600 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும் வெள்ளிப் பற்றாசால் கொதிகலனைப் புதிதாகச் செய்வது ஏன் என்பதும் அதிலேயே விளங்கும். எப்படி இருந்தாலும் சோதனை முதலில். கொதிகலனைக் காற்றில்லாமல் குளிர்ந்த நீரால் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தத்தை ஏற்ற வேண்டும். வேலை அழுத்தத்தைப்போல் புதியதற்கு இரண்டு மடங்கு, பழையதன் மறுசோதனைக்கு ஒன்றரை மடங்கு என்பது பிரிட்டிஷ் சங்கங்களின் நடைமுறை. அழுத்தினாலும் நீர் ஏறத்தாழச் சுருங்காது என்பதால், தோற்கும் கொதிகலன் வெடிப்பதில்லை. ஒரு மூட்டிலிருந்து சொட்டு விழும், அழுத்தமானியின் முள் இறங்கும். அப்படித் தோற்ற கொதிகலனை எடைக்குப் போட்டுவிடாமல், செய்தவருடைய கைவேலையின் சான்றாக எஞ்சினோடேயே வைத்திருக்கலாம். அடுத்து வாங்குபவருக்கு அதுவும் போய்ச் சேரட்டும்.